தண்ணீர் 93 டிகிரியில் கொதிக்கும் ஊரிலிருந்து ஒரு மடல்

நீலகிரி மாவட்டக் கல்லூரிகளின் அறிவியல் துறைப் பேராசிரியர்களுக்கும், பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். என் வகுப்பிலிருந்து ஆண்டுதோறும் சில பிள்ளைகள் ஊட்டி, குன்னூர், கூடலூர் கல்லூரிகளில் பி.எஸ்சி. சேர்கிறார்கள். படிப்பு முடிந்ததும் ஒரு நடை வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவார்கள். என்ன படித்தாய், என்ன செய்முறை செய்தாய் என்று விடாமல் கேட்பது என் வழக்கம். அப்படிக் கேட்டுக் கேட்டு மனதில் சேர்ந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களில் சிலர் எனக்கே பாடம் எடுத்தவர்கள். அந்த மரியாதை குறையாமல், ஆனால் மறைக்காமல் பேச விரும்புகிறேன்.

பாடத்திட்டம் காலத்துக்கு ஏற்ப மாற வேண்டும், சுற்றுச்சூழலும் சமூகமும் அதில் இடம் பெற வேண்டும் என்று எல்லாக் கருத்தரங்குகளிலும் பேசுகிறோம். பேச்சு முடிந்ததும் புதிதாக ஒரு விருப்பப் பாடம் சேர்கிறது. இரண்டு கிரெடிட், ஒரு கையேடு, ஒரு தேர்வு. அதோடு சரி. நான் கேட்பது புதுத் தாள் அல்ல. இப்போது நடக்கும் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், கணிதத் தாள்களுக்குள்ளேயே இந்த மலை வர வேண்டும். குறிப்பாகச் செய்முறைத் தேர்வுக்குள் வர வேண்டும், மதிப்பெண்ணோடு வர வேண்டும். மதிப்பெண் இல்லாத எதையும் எங்கள் பிள்ளைகள் படிக்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, நாம்தான் அப்படிப் பழக்கி வைத்திருக்கிறோம்.

சுற்றுச்சூழல் கல்வித் தாள்தான் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. எம்.சி. மேத்தா வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் எல்லா நிலையிலும் சுற்றுச்சூழல் கல்வி வேண்டும் என்றது. 2003-ல் நீதிமன்றம் மறுபடி அழுத்திச் சொன்ன பிறகு, பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளநிலைப் பட்டப் படிப்புக்கும் பொதுவாக ஆறு மாதப் பாடம் ஒன்றைத் தயாரித்தது. நாடு முழுவதற்கும் ஒரே பாடம் என்பதால் அதில் எல்லா ஊரும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும், எந்த ஊரும் முழுசாக இருக்காது. சிப்கோ இயக்கம் பற்றி ஐந்து மதிப்பெண், சைலண்ட் வேலி பற்றி ஐந்து மதிப்பெண். நம் நீலகிரியின் முக்கூர்த்தி மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் வருவதுதான் அந்த சைலண்ட் வேலி என்று தெரியாமலே ஊட்டியில் உட்கார்ந்து அந்த விடையை எழுதிவிட்டு வருகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

அந்தத் தாள் முடிந்து மணி அடித்ததும் வேதியியல் வகுப்பு தொடங்கும். அதில் மலை இருக்காது, ஓடை இருக்காது, தேயிலை இருக்காது. அக்கறை ஒரு வகுப்பிலும் அறிவு இன்னொரு வகுப்பிலுமாகப் பிரிந்து கிடப்பதுதான் என் வருத்தம். அறிவு இல்லாத அக்கறை ஜூன் 5-ம் தேதி பதாகை பிடித்து ஊர்வலம் போவதோடு நின்றுவிடும்.

நடைமுறையில் இது எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன்.

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியில் இருக்கும் காற்றழுத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்குதான் அங்கே. அதனால் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்பது இங்கே எல்லா வீட்டுக்கும் தெரிந்ததுதான். ஆனால் நீராவியால் சூடாக்கி வெப்பம் கடத்தும் திறனை அளக்கும் லீ தகட்டுச் சோதனை செய்த என் பழைய மாணவன் ஒருவனின் ரெக்கார்டு நோட்டில் நீராவியின் வெப்பநிலை 98 என்று இருந்தது. 'தெர்மாமீட்டர் எவ்வளவுடா காட்டுச்சு?' என்று கேட்டேன். '92 மிஸ். ஆனா சீனியர் ரெக்கார்டுல 98னு இருந்துச்சு. தெர்மாமீட்டர் சரியில்லன்னு எல்லாரும் 98 போட்டுட்டோம்' என்றான்.

தெர்மாமீட்டர் சரியாகத்தான் இருந்திருக்கிறது. அந்த ஆறு டிகிரி வித்தியாசத்துக்குள் காற்றழுத்தமும் ஆவியழுத்தமும் உயரமும் அடங்கியிருந்தன. ஒரு வாரம் நடத்தலாம், அவ்வளவு விஷயம் அதில் இருக்கிறது. அதைத் திருத்தி 98 ஆக்கியபோது, கண்ணால் கண்டதைவிடப் பழைய நோட்டில் இருப்பதே சரி என்பதைத்தான் அவன் கற்றுக்கொண்டான். அறிவியல் படிக்கிற பிள்ளைக்கு இதைவிடக் கெட்ட பாடம் வேறு கிடையாது.

அதே உயரம் வேதியியல் ஆய்வகத்திலும் வந்து நிற்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை விங்க்ளர் முறையில் அளப்பது பல கல்லூரிகளில் உண்டு. சுத்தமான தண்ணீரில் 20 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்று அட்டவணை சொல்லும். அது கடல் மட்டத்துக்கான கணக்கு. ஊட்டியின் அழுத்தத்தில் அதே 20 டிகிரியில் ஏழு மில்லிகிராம்கூட வராது, 6.9 அளவில்தான் நிற்கும். இது தெரியாத மாணவி, சோலைக்குள்ளிருந்து வரும் சுத்தமான ஓடைத் தண்ணீரை அளந்துவிட்டு 'ஆக்சிஜன் குறைவு, மாசுபட்டது' என்று எழுதிவிடுவாள். கணக்கில் பிழை இருக்காது, முடிவு மட்டும் தப்பாக இருக்கும். இங்கே படித்தவளுக்கே இது தெரியாவிட்டால், கீழேயிருந்து வந்து அளந்துவிட்டுப் போகிறவர்களின் அறிக்கையை யார் சரிபார்ப்பது?

விங்க்ளர் முறையில் எனக்குப் பிடித்த ஓர் இடம் உண்டு. பாட்டிலில் மாங்கனீசு சல்பேட்டும் காரம் கலந்த அயோடைடும் விட்டு மூடிக் குலுக்கினால் வீழ்படிவு வரும். ஆக்சிஜன் இருந்தால் அது பழுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. அதற்குப் பிறகுதான் அமிலம், தயோசல்பேட், ஸ்டார்ச்சு எல்லாம். ஆனால் அந்த முதல் நிமிடத்திலேயே, ஒரு எண்ணும் வருவதற்கு முன்பே, தண்ணீர் உயிரோடு இருக்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஊட்டி ஏரிக்கு வந்து சேரும் கோடப்பமந்து கால்வாயில் ஒரு பாட்டில், ஊருக்கு மேலே ஏதாவது ஓடையில் ஒரு பாட்டில் பிடித்து வந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். மருந்து அதேதான், செலவும் அதேதான். குழாய்த் தண்ணீருக்குப் பதிலாக ஊர்த் தண்ணீர், அவ்வளவுதான் மாற்றம். அந்த இரண்டு பாட்டிலைப் பார்த்த பிள்ளைக்கு நீர் மாசு பற்றி யாரும் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அப்புறம் மண். எங்கள் ஊரில் ஒரு சிறு விவசாயி இருக்கிறார். ஒன்றரை ஏக்கர் தேயிலை. மகன் பி.எஸ்சி. வேதியியல், நல்ல மதிப்பெண். ஒருநாள் இருவரும் மண் பரிசோதனை அட்டையோடு வீட்டுக்கு வந்தார்கள். அப்பா அட்டையை என் முன்னால் விரித்து, ஓர் எண்ணின் மேல் விரலை வைத்தார். 'டீச்சர், இதுல 3.9ன்னு போட்டிருக்கு. கூடவா, கொறச்சலா? டோலமைட் போடச் சொல்றாங்க. இப்பவே போடலாமா, கவாத்து வெட்டின பொறகு போடணுமா? இவனக் கேட்டா மொளிக்கிறான்.'

மகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பி.எச். என்றால் ஹைட்ரஜன் அயனிச் செறிவின் எதிர் மடக்கை என்று அவனுக்குத் தெரியும். ஹெண்டர்சன் சமன்பாட்டைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். ஆனால் தேயிலைக்குப் பொதுவாக 4.5 முதல் 5.5 வரை அமிலத்தன்மை வேண்டும், 4.9-க்கும் 3.9-க்கும் இடையே அமிலம் பத்து மடங்கு கூடியிருக்கிறது, வருடக்கணக்காக அம்மோனியம் உரம் கொட்டினால் மண் இப்படித்தான் புளித்துப் போகும், டோலமைட்டில் இருக்கும் கார்பனேட்டு அந்த அமிலத்தை எப்படிச் சமன் செய்கிறது என்பதையெல்லாம் தன் வீட்டுத் தோட்டத்தோடு சேர்த்து யோசிக்க அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மூன்று வருடமும் அவன் அளந்த பி.எச். எல்லாம் ஆய்வகத்தில் கலக்கித் தந்த கரைசலின் பி.எச். தான். அந்த அப்பாவின் முகத்தில் கோபம் இல்லை. மகன் படித்த படிப்பு தனக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர் கேட்டது முதலாம் ஆண்டு வேதியியல்.

இந்த மாவட்டத்தில் பல்லாயிரம் குடும்பங்கள் பச்சைத் தேயிலையை நம்பி இருக்கின்றன. உங்கள் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் அந்தக் கொழுந்து விற்ற காசில் ஃபீஸ் கட்டியவர்கள். ஆளுக்கு ஒரு கிலோ மண் வீட்டிலிருந்து கொண்டு வரச் சொல்லி, அதையே பருமனறி பகுப்பாய்வுச் செய்முறைக்கு வைத்தால் என்ன? ஆய்வக நோட்டில் ஒரு பக்கம் ஆங்கிலத்தில், எதிர்ப்பக்கம் வீட்டில் படித்துக் காட்டுவதற்குத் தமிழில் என்று முடிவை எழுதச் சொன்னால் என்ன? இதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

தாவரவியல் துறைக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சுற்றுச்சூழல் தினம் என்றால் மரம் நடுவது என்று ஆகிவிட்டது. மேட்டு நிலத்தில் புல் மட்டும் இருக்கும் இடத்தைப் பார்த்தால், சும்மா கிடக்கிறது என்று நினைத்து அங்கே கன்று நட்டுவிடுகிறார்கள். அந்தப் புல்வெளி சும்மா கிடக்கும் நிலம் அல்ல. சோலையும் புல்வெளியும் சேர்ந்ததுதான் இந்த மலையின் இயல்பான உடம்பு. இந்திய அறிவியல் கழகத்தின் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் நீலகிரிச் சதுப்பில் அடுக்கடுக்காகப் படிந்த கரிமண்ணைத் தோண்டி, அதிலிருந்த கார்பன் ஐசோடோப்பை அளந்து 1993-ல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 20,000 ஆண்டுகளாக இங்கே புல்லும் மரமும் மழைக்கு ஏற்ப ஏறி இறங்கி வந்ததை அந்த மண் காட்டியது. மரங்கள் போன்ற C3 தாவரங்களும் பல புற்கள் போன்ற C4 தாவரங்களும் ஒளிச்சேர்க்கையில் கார்பனை வேறு வேறு விதமாகப் பிடிப்பதால்தான் அப்படிக் கண்டுபிடிக்க முடிந்தது. C4 ஒளிச்சேர்க்கைக்கு நம் பிள்ளைகள் சோளத்தையும் கரும்பையும் உதாரணமாக எழுதுகிறார்கள். கல்லூரி வாசலில் நிற்கும் மலையின் வரலாறே அந்தப் பாடத்தின் மேல் எழுதப்பட்டிருக்கும்போது இது எவ்வளவு பெரிய இழப்பு!

1840-களில் கொண்டு வந்து நட்ட சீகை (வாட்டில்) மரமும், கற்பூர (யூகலிப்டஸ்) மரமும், பின்னால் தோல் பதனிடும் பட்டைக்கும் ரேயான் கூழுக்கும் என்று நட்டு நட்டுப் பெருகியவையும் புல்வெளியை எவ்வளவு விழுங்கின என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்நியத் தாவரங்களை அகற்ற மாநில அரசு 2022-ல் ஒரு கொள்கையே கொண்டு வந்துவிட்டது. அதைச் செய்யப் போகிறவர்களுக்கு எந்தப் புல் எங்கே முளைக்கும், விதை எப்போது முற்றும் என்று தெரிந்த ஆட்கள் வேண்டும். செடிகளை உலர்த்திச் சேகரிக்கும் ஹெர்பேரியம் வேலையில் ஒரு வருடத்தை இந்தப் புற்களுக்கு ஒதுக்கினாலே போதும். குறிஞ்சி 2018-ல் பூத்தது, மறுபடி 2030-ல் பூக்க வேண்டும். 2028-ல் முதலாம் ஆண்டு சேரும் பிள்ளை அதைத் தன் கடைசி வருடத்தில் பார்க்கும். எந்தச் சரிவில் எவ்வளவு செடி இருக்கிறது என்று இப்போதே குறிக்கத் தொடங்கினால் அந்த வகுப்புக்கு எவ்வளவு நல்ல ப்ராஜெக்ட் கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இயற்பியலில் ஒன்றே ஒன்று. சாய்தளத்தில் வைத்த கட்டை எந்தக் கோணத்தில் வழுக்கும் என்ற கணக்கை எல்லாரும் போடுகிறோம். கட்டைக்குப் பதிலாக மண் என்று வைத்து, மண்ணின் துளைகளில் மழைநீர் ஏறி அழுத்தம் கூடினால் உராய்வு என்ன ஆகும் என்று இன்னும் இரண்டு வரி சேர்த்தால் அது நிலச்சரிவு. 1993-ல் குன்னூர் பக்கம் மரப்பாலத்தில் பார்த்தோம். 2009 நவம்பரில் மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். 2019 ஆகஸ்ட் 8-ம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இதையெல்லாம் அனுபவித்த பிள்ளைகளுக்கு இன்னும் மரக்கட்டையை வைத்தே கணக்கு தருகிறோம். பழைய எஸ்டேட்டுகளில் பல வருட மழைப் பதிவேடு இருக்கிறது. கையால் எழுதியது, செல்லரித்துக் கொண்டிருக்கிறது. கணிதத் துறையும் கணினித் துறையும் சேர்ந்து அதைக் கேட்டு வாங்கிப் பதிவு செய்தால், புள்ளியியல் தாளுக்குக் கற்பனை எண்களே தேவைப்படாது.

எண்கள் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வந்தது. மலை எவ்வளவு தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூரு ஐ.ஐ.எம்.முக்கும் போனது. அவர்கள் திறமைசாலிகள், மறுக்கவில்லை. ஆனால் மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடைக்காமல் சாரிங் கிராஸில் நிற்பது யார், குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்று தெரிந்தது யாருக்கு? உங்கள் மாணவர்களுக்குத்தான். அந்தக் கணக்கில் அவர்கள் கை எங்கேயும் படவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

இனி நான் மிகவும் கவனமாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

கதிர் அரிவாள் இரத்த சோகை என்று பிளஸ் டூவிலேயே படிக்கிறார்கள். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளுட்டமிக் அமிலத்துக்குப் பதில் வாலின். எல்லாருக்கும் மனப்பாடம். உதாரணத்துக்கு ஆப்பிரிக்கா. இந்தியாவில் இந்த நோய்க்கூறு முதன்முதலில் பதிவான இடங்களில் ஒன்று நீலகிரி என்பதும், 1952-ல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் இங்குள்ள பழங்குடி மக்களிடம்தான் அதைக் கண்டார்கள் என்பதும் அந்த மக்களின் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பிலேயே சொல்லப்படுவதில்லை. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு சமூகங்கள் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. அவர்களில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் இப்போதுதான் ஒவ்வொருவராக வருகிறார்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இந்த நோயோடு வாழும் குடும்பங்கள் உண்டு. மூட்டு மூட்டாக வலி வந்து துடிக்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று பள்ளியில் திட்டியதை நானே கேட்டிருக்கிறேன்.

அதனால் இதைப் பாடத்தில் கொண்டு வாருங்கள் என்கிறேன். தாய் தந்தை இருவரும் நோய் இல்லாமல் அந்த மரபணுவை மட்டும் சுமக்கும் கடத்திகளாக இருந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு என்ற மெண்டல் கணக்கு, பட்டாணிச் செடியைவிட இங்கே எவ்வளவு கனமாக இறங்கும்! டைதயோனைட்டு சேர்த்த கரைசலில் ஒரு சொட்டு இரத்தம் விட்டால், இந்த நோய்க்கூறுள்ள ஹீமோகுளோபின் கரையாமல் கலங்கி நிற்கும், குழாய்க்குப் பின்னால் வைத்த தாளில் இருக்கும் கோடுகள் மறைந்துவிடும். ஒரு கரைதிறன் சோதனை ஒரு மனிதரின் வாழ்க்கையைத் தொடுகிற இடம் அது. 2023-ல் இதற்கென்றே ஒரு தேசிய இயக்கம் தொடங்கியிருக்கிறார்கள். கிராமத்தில் போய் மக்கள் மொழியில் விளக்கத் தெரிந்த, அறிவியல் படித்த இளைஞர்கள் அதற்குத் தேவை.

ஆனால் ஒரு நிபந்தனை. வகுப்பில் எந்தப் பிள்ளையின் இரத்தத்தையும் எடுக்காதீர்கள். எந்தச் சமூகத்துப் பிள்ளையையும் எழுப்பி நிறுத்தி உதாரணம் காட்டாதீர்கள். பரிசோதனை சுகாதாரத் துறையின் வேலை, அதன் முடிவு அந்தக் குடும்பத்தின் சொந்த விஷயம். இந்த மலை மக்களை அளந்தவர்கள் ஏராளம். தலையை அளந்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், மொழியையும் சடங்கையும் குறித்துக்கொண்டு போனார்கள். அதில் எவ்வளவு இங்கே திரும்பி வந்தது? மக்களைப் பற்றிய அறிவியலை மக்களோடு சேர்ந்து எப்படிச் செய்வது, சம்மதம் என்றால் என்ன, கண்டுபிடித்ததை யாரிடம் முதலில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் விலங்கியல் பாடத்தின் பகுதிதான். அதைச் சமூகவியலுக்குத் தள்ளிவிட முடியாது. தேனெடுக்கும் குறும்பரோ எருமை மேய்க்கும் தோடரோ செடியைப் பற்றிச் சொன்னால், அவர் பெயரையும் ஊரையும் அவர் அனுமதியோடு ஆய்வேட்டில் எழுதுங்கள். 'உள்ளூர் மக்கள் தெரிவித்தனர்' என்று எழுதி முடித்துவிடாதீர்கள்.

மாயாறு பள்ளத்தாக்கின் பாறுக் கழுகுகள் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதலாம். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து ஊசி, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தை அழித்தது. வெண்முதுகுப் பாறு நாட்டில் 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துபோனது. 2006-ல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மனிதருக்கான பெரிய பாட்டில்கள் மாட்டுக்குப் போவதைத் தடுக்க 2015-ல் ஊசி மருந்தை 3 மில்லியாகச் சுருக்கினார்கள், 2023-ல் கீட்டோபுரொஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டையும் கால்நடைக்குத் தடை செய்தார்கள். இன்னொரு வலி மருந்தான மெலாக்சிகாம் கழுகுக்குத் தீங்கு செய்யவில்லை. ஒரே வேலை செய்யும் இரண்டு மூலக்கூறு, ஒன்று கொல்கிறது, இன்னொன்று கொல்லவில்லை. கரிம வேதியியலுக்கு இதைவிட நல்ல கேள்வி எந்தப் பாடநூலில் இருக்கிறது?

உள்ளூர் விஷயத்தை எடுத்தால் தரம் குறைந்துவிடும், மாணவர்கள் கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் பின்தங்கிவிடுவார்கள் என்று ஒரு பேராசிரியர் என்னிடம் சொன்னார். அவர் அக்கறையில்தான் சொன்னார். ஆனால் ஊட்டிப் பக்கத்து முத்தோரையைப் பாருங்கள். 1970-ல் அமைத்த ரேடியோ தொலைநோக்கி, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கோவிந்த் ஸ்வரூப்பும் அவர் குழுவும் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே மலையின் சரிவு. அந்தச் சரிவின் கோணமும் ஊரின் அட்சரேகையும் ஏறக்குறைய ஒன்று, சுமார் 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது, ஒரே அச்சில் சுழற்றி விண்மீனைப் பல மணி நேரம் பின்தொடர முடிந்தது. மலையைக் கூர்ந்து பார்த்ததால்தான் உலகத் தரம் வந்தது. குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907-ல் வந்தது நாய்க்கடிச் சாவைத் தடுக்க. சத்துணவு ஆராய்ச்சியும் அங்கேதான் வேர் பிடித்து, பின்னால் ஹைதராபாத்துக்குப் போனது. ஊர்ப் பிரச்சினையில் தொடங்கிய அறிவியல் இந்த மலைக்குப் புதிது அல்ல. கல்லூரிகள்தான் அதிலிருந்து ஒதுங்கி நிற்கின்றன.

பாடத்திட்டம் பல்கலைக்கழகத்தின் கையில், நாங்கள் இணைவுபெற்ற கல்லூரிதானே என்பது இன்னொரு பதில். உண்மைதான். ஆனால் செய்முறைக்கு எந்தத் தண்ணீரை வைப்பது, எந்த மண்ணை வைப்பது என்று எந்தப் பல்கலைக்கழகமும் சொல்வதில்லை. அகமதிப்பீட்டு மதிப்பெண் உங்கள் கையில். இறுதியாண்டு ப்ராஜெக்டின் தலைப்பும் உங்கள் கையில். வனத்துறை நிலத்தில் கால் வைக்க அனுமதி வாங்க மாதக்கணக்காகும் என்பதும் தெரியும். அதனால்தான் ஊர் ஓடை, வீட்டுத் தோட்டம், எஸ்டேட் பதிவேடு என்று அனுமதிக் கடிதம் எழுதி அலைய வேண்டாத இடங்களாகச் சொன்னேன்.

வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. படித்த பிள்ளைகளில் பாதிப்பேர் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கிவிடுகிறார்கள், போகட்டும். தண்ணீரையும் மண்ணையும் சொந்தக் கையால் சோதித்து, முடிவை நம்பி எழுதத் தெரிந்த பிள்ளைக்கு மாசுக் கட்டுப்பாட்டு ஆய்வகத்திலும் உணவுப் பரிசோதனைக் கூடத்திலும் சாயப்பட்டறைச் சுத்திகரிப்பு நிலையத்திலும் கூடுதலாக ஒரு கதவு திறக்கும். சீனியர் நோட்டைப் பார்த்து 98 போட்டவனுக்கு அது திறக்காது.

இதையெல்லாம் செய்யப் போவது யார் என்று நினைக்கும்போது கௌரவ விரிவுரையாளர்களின் நினைவு வராமல் இருக்காது. எத்தனையோ துறைகளை அவர்கள்தான் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள், குறைந்த தொகுப்பூதியத்தில், அடுத்த வருடம் வேலை உண்டா என்று தெரியாமல். அவர்கள் தலையில் இன்னொரு சுமையாக இதை ஏற்றாதீர்கள். ஓடைக்குப் போன நேரத்தையும் வகுப்பு நேரமாகக் கணக்கில் எடுங்கள். பஸ் செலவைத் துறையிலிருந்து கொடுங்கள். சமூக அக்கறை பற்றி மாணவருக்குச் சொல்லும் கல்லூரி, தன் ஆசிரியர்களிடமிருந்து அதைத் தொடங்குவதுதான் முறை.

இந்த ஜூனில் வகுப்பு தொடங்கும்போது ஒவ்வொரு துறையும் ஒரே ஒரு செய்முறையை மட்டும் மாற்றிப் பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். வேதியியலில் ஓடையோ மண்ணோ, தாவரவியலில் புல், கணிதத்தில் மழை, விலங்கியலில் கழுகு, இயற்பியலில் அந்த 92 டிகிரி. அதற்கு மதிப்பெண் வையுங்கள். வருடக் கடைசியில் முடிவைத் தமிழில் இரண்டு பக்கம் அச்சடித்து, தண்ணீர் எடுத்த ஊரின் உள்ளாட்சி அலுவலகத்திலும் மண் தந்த விவசாயி கையிலும் கொடுங்கள். தவறு இருந்தால் அவர்கள் சொல்வார்கள், சொல்லட்டும்.

எங்கள் பள்ளியிலிருந்து என்னால் முடிந்ததையும் செய்கிறேன். எங்கள் பள்ளிக்குக் கீழே ஓடும் ஓடையில் வாரம் ஒருமுறை தண்ணீர் எடுத்து வைக்கப் பிளஸ் ஒன் பிள்ளைகள் தயார். மழை அளக்கவும் சொல்லித் தந்திருக்கிறேன். விங்க்ளர் சோதனைக்கு வேண்டிய மருந்தும் நல்ல ப்யூரெட்டும்தான் எங்களிடம் இல்லை, உங்களிடம் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை ஆய்வகத்தைத் திறந்து வைக்கும் துறை எது என்று மட்டும் சொல்லுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸுக்கே கிளம்பி வந்துவிடுகிறோம்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,

ஒரு வேதியியல் ஆசிரியை
கோத்தகிரி வட்டம், நீலகிரி மாவட்டம்